எடைமேடை நாத்தனார்

அந்த மாவு ஆலையில் லாரி ஓட்டுநர் முதல் மேலாளர் வரை எல்லோரும் ஒரு நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக நடந்துவந்த திருப்பணி இது. திட்டு வாங்கிய நாத்தனாருக்கு மட்டும் சேதி எட்டவில்லை. அவள் பாட்டுக்கு வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலை வாரி, ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அண்ணி கூப்பிடுவது வாலு என்று. அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடப் பையைக் கூட இறக்காமல் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்த பெண் அவள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. நாமும் வாலு என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணிக்கு ஆலையின் எடைமேடையில் வேலை. கோதுமை ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும். மேடையோரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. எடை எவ்வளவு என்று அது கேபிள் வழியாக அண்ணியின் கண்ணாடி அறைக்குள் இருக்கும் கணினிக்குச் சொல்லும். அண்ணி "எடை எடு" என்ற பொத்தானை அழுத்தினால் திரையில் எண் விழும், சீட்டு அச்சாகும், எதிர்ப்பக்கத்துத் தடுப்புக் கம்பம் தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் சமாசாரம். அந்தக் கணினியில் ஓடிய புரோகிராம் வாலு எழுதியது.

பழைய புரோகிராம் ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிட்டபோது, மேலாளர் வெளியில் ஆள் தேடினார். அண்ணி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எதுக்கு சார் ஊரெல்லாம் தேடறீங்க? என் நாத்தனார் எழுதுவா" என்று மார்தட்டிவிட்டாள். வாலு அப்போதுதான் படிப்பை முடித்து ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்திருந்தாள். ஆனாலும் எழுதினாள். ஓடியது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அண்ணி வீட்டுக்குள் நுழைந்ததும் வாலு கேட்பாள்: "எப்படி ஓடுது அண்ணி?"

"நல்லா ஓடுது" என்பாள் அண்ணி, செருப்பைக் கழற்றியபடியே, தலை நிமிராமல்.

ஒரு நாள் வாலுவுக்கு ஆபீஸ் விடுமுறை. அண்ணி வேலைக்குப் போன பிறகு பார்த்தால் அவளுடைய இன்ஹேலர் அலமாரிமேல் கிடந்தது. அண்ணிக்கு இழுப்பு உண்டு. எடைமேடைக்கு வருவதற்கு முன் அவள் அதே ஆலையின் மூட்டைக் கிடங்கில் இருந்தவள். அங்கே மாவுத் தூசு புகை மாதிரி மிதக்கும். ஒரு முறை மூச்சு முட்டி, உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணாடி அறைக்கு வந்த பிறகுதான் அண்ணி ராத்திரியில் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அதற்கு முன்பெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வாலு ஆலைக்குப் போனாள்.

மேடைமேல் ஒரு லாரி நின்றிருந்தது. பின்னால் இன்னும் நாலைந்து, ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அப்போது வாசற்கதவோரம் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் புறப்பட்டார். ஆள் என்றால் சாதாரண ஆள் இல்லை. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்காருகிற உடம்பு. அவர் குலுங்கக் குலுங்க ஓடிவந்து, லாரிக்குப் பக்கத்தில் மேடைமேல் ஏறி, இரண்டு காலையும் தூக்கித் தொம்மென்று ஒரு குதி குதித்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அண்ணி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் இறங்கினார். அண்ணி சட்டென்று பொத்தானை அழுத்தினாள். தடுப்புக் கம்பம் மேலே போனது. லாரி நகர்ந்தது. இரண்டு பேரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

வாலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டாள். "என்னண்ணே, அவர் எதுக்குக் குதிக்கிறாரு?"

"அதும்மா, நாத்தனார் தூங்கிட்டா. எழுப்பறாரு."

"யாரு நாத்தனார்?"

"அந்த கம்ப்யூட்டர்தான். இந்தம்மாவோட நாத்தனார் செஞ்சு குடுத்ததாம். புண்ணியவதி. பாதி லாரிக்கு அப்படியே கல்லு மாதிரி நின்னுடும். இவர் வந்து குதிச்சாத்தான் முழிக்கும். அதனால அவருக்கே ரீஸ்டார்ட்டுன்னு பேரு வச்சுட்டோம்."

சிரிப்பு அப்படியே வாலுவின் முகத்தில் உறைந்துபோனது.

கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனபோது அண்ணி திடுக்கிட்டு எழுந்தாள். களவு செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அவள் முகம். செய்த களவு என்னவோ வாலுவுடையது.

"அண்ணி, எவ்வளவு நாளா இப்படி?"

"எப்பவாச்சும்தான்டி..."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே" என்றாள் அண்ணி. "சொன்னா நீ அழுவே. அப்பதான் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தே. முதமுதல்ல செஞ்சது. அதான் நானும் ரீஸ்டார்ட்டு அண்ணனும் சமாளிச்சுக்கிட்டோம். நானே கூட ஒரு நாள் ஏறிக் குதிச்சுப் பார்த்தேன். மேடை என்னை மனுஷியாவே மதிக்கல."

வாலுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன்மேல் கோபம், அண்ணிமேல் அதைவிடக் கோபம். ஒரு வருடம்! தினமும் சாயங்காலம் எத்தனை சாதாரணமாகப் பொய் சொல்லியிருக்கிறாள் இவள்!

அதற்குள் மேலாளர் உள்ளே வந்தார். வாலுவை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்கதானா நாத்தனார்? நல்லதாப் போச்சு, நேர்லயே சொல்லிடறேன். அறுவடை ஆரம்பிச்சா லாரி மெயின் ரோடு வரைக்கும் நிக்கும். ஒரு ஆளைக் குதிக்க வச்சு ஆலை நடத்த முடியாதும்மா. சீசன் முதல் நாள் காலையில ஒரு கம்பெனிக்காரர் வர்றார். அவங்க கருவி தானாவே எடை போடுமாம், ஆளே வேண்டாமாம். அவர் முன்னாடி இது ஒரு தடவை நின்னாலும் நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"அப்ப நான் சார்?" என்றாள் அண்ணி.

மேலாளர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட சேதியை முகம் பார்த்துச் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். "கிடங்குலதான் இடம் இருக்கு" என்றார்.

வாலுவின் கைக்குள் இன்ஹேலர் இருந்தது. அதை அண்ணியிடம் கொடுக்கக்கூட மறந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் கணினியைத் திறந்து தன்னுடைய பழைய வேலையைப் படித்தாள். தப்பு பத்தாவது வரியிலேயே பல்லிளித்தது. அவளிடம் அன்றைக்கு எடைமேடை கிடையாது. அதனால் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு பொய்ப் பெட்டியை அவளே எழுதியிருந்தாள். அந்தப் பெட்டி சரியான வாயாடி. நொடிக்கொரு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆலையிலிருந்த நிஜப் பெட்டியோ உம்மணாமூஞ்சி. எடை கணிசமாக மாறினால் மட்டும் வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் நாளெல்லாம் மௌனம். லாரி ஏறி நின்று, பெட்டி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு அண்ணி பொத்தானை அழுத்தினால், புரோகிராம் காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும். அந்தச் சொல் வராது. காத்திருக்கிற நேரத்தில் அது வேறு எந்த வேலையும் செய்யாது. ரீஸ்டார்ட் அண்ணன் குதித்தால் எடை மாறும், பெட்டி பேசும், புரோகிராம் விழிக்கும். அவர் இறங்கும்போது சரியான எடை வரும், அந்தச் சமயம் பார்த்து அண்ணி மறுபடி அழுத்தினால் சீட்டு விழும்.

சமையலறையிலிருந்து அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். குற்றவாளி போல நின்றாள். அதைப் பார்க்க வாலுவுக்குப் பொறுக்கவில்லை. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விளக்கினாள்.

"அண்ணி, வீட்ல நீங்க ஒரே ஆளு. அடுப்புல குழம்பு கொதிக்குது, போன் அடிக்குது. தண்ணி வண்டி வரும்னு வாசல்ல போய் நிக்கறீங்க. அது வர்ற வரைக்கும் நகர மாட்டேன்னு பிடிவாதமா நிக்கறீங்க. வண்டி வரவே இல்ல. உள்ள என்ன ஆகும்?"

"குழம்பு அடிபிடிக்கும்."

"அதான் ஆகுது. என் புரோகிராம் வாசல்லயே நிக்குது. நீங்க எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேக்க உள்ள ஆள் இல்ல."

"வாசல்ல நிக்கறதுக்கு உங்க அண்ணனைப் போடு. அவருக்குப் பிடிச்ச வேலை" என்றாள் அண்ணி. கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அன்று ஆலையிலிருந்து திரும்பிய பிறகு முதல் தடவையாக அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வாலு முதலில் குறுக்கு வழியில்தான் போனாள். வாசலில் கொஞ்ச நேரம் நில், வராவிட்டால் உள்ளே வா, மறுபடி போய் நில் என்று நாலு வரியைச் சேர்த்தாள். மதிய நேரத்தில் லாரி குறைந்தபோது ஆலையில் போட்டுப் பார்த்தார்கள். திரை கல்லாக நிற்கவில்லை. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு நின்று நின்று தாவியது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது ஆற அமர வந்தது.

"முன்னாடி தூங்குனா" என்றாள் அண்ணி. "இப்ப விக்கல் எடுக்குது."

மானம் போனது. வாலு ஒழுங்கான வழிக்கு வந்தாள். காத்திருப்பதற்கென்றே புரோகிராமுக்குள் தனி ஆளை நியமித்தாள். அது பெட்டியின் பேச்சைக் கேட்பதோடு சரி. திரையை வேறொரு ஆள் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். அந்தக் கேட்கிற பகுதிக்கு "அண்ணன்" என்றே பெயர் வைத்தாள். மறுபடி மதிய நேரம், மறுபடி ஆலை. முதல் லாரி பிரமாதம். இரண்டாவது லாரியும் பிரமாதம். மூன்றாவது லாரி ஏறியதும் திரையிலிருந்து புரோகிராம் மொத்தமாகக் காணாமல் போனது. வெறும் நீலத்திரை இளித்தது.

கண்ணாடிக்கு வெளியே முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரீஸ்டார்ட் அண்ணன் கவலையோடு கேட்டார். "நாத்தனார் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டாங்களா?"

"குதிக்கவா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வாலு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சீசன் தொடங்க மூன்று நாள்கூட இல்லை. வாசலில் கட்டியிருந்த புதுப் பலகையில் "லாரிகள் இடதுபக்கம் வரவும்" என்று பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி தன் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கியிருந்ததை வாலு கவனித்தாள். சீப்பு, பொட்டு அட்டை, ஒரு பழைய கைக்குட்டை எல்லாம் பைக்குள் போயிருந்தன. நம்பிக்கை போய்விட்டது என்று அவள் வாயால் சொல்லவில்லை, இழுப்பறை சொல்லியது. அதைப் பார்த்ததும் வாலுவுக்கு ரோஷம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அண்ணி, அதையெல்லாம் எடுத்து உள்ள வைங்க."

"இல்லடி, ஒரு முன்ஜாக்கிரதைக்கு..."

"உள்ள வைங்கன்னு சொல்றேன்ல!"

அண்ணியிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அண்ணி மறுபேச்சில்லாமல் சீப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

காரணம் அன்று சாயங்காலமே பிடிபட்டது. வாசலில் நின்ற "அண்ணன்" தண்ணீர் வந்ததும் குடத்தோடு நேரே சமையலறைக்குள் ஓடி, அண்ணி கிளறிக்கொண்டிருக்கும்போதே சட்டியில் கைவிட்டிருந்தான். திரையைத் தொடும் உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் சட்டி கவிழும். ஆகவே வாலு வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் கட்டினாள். வந்ததை வந்த வரிசையில் ஜன்னலில் வைத்துவிட்டு அண்ணன் வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். உள்ளே இருப்பவள் கை ஒழிந்தபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்து எடுத்துக்கொள்வாள். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

பெட்டியின் கையேட்டையும் இந்த முறை கடைசிப் பக்கம்வரை படித்தாள். உம்மணாமூஞ்சிதான், ஆனால் மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லும் என்று அதில் போட்டிருந்தது. ஒரே ஒரு எழுத்தை அனுப்பினால் அப்போதைய எடையைச் சொல்லுமாம். ஒரு வருடத்துக்கு முன் இதைப் படித்திருக்கலாம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். இனி அண்ணன் சும்மா நிற்க மாட்டான். அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் வராவிட்டால் "பதில் இல்லை" என்று ஒரு சீட்டை ஜன்னலில் வைப்பான். தொடர்பு அறுந்தால் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பான். இதையெல்லாம் எழுதினாள். ஆனால் கடைசி இரண்டையும் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

ஆலையில் மறுநாள் போட்டுப் பார்த்தபோது இன்னொரு கூத்து. இருபத்தி நாலாயிரத்துச் சொச்சம் கிலோ இருக்க வேண்டிய லாரி, திரையில் முந்நூற்று அறுபது கிலோ என்று வந்து நின்றது.

"வண்டியில கோதுமை ஏத்தினியா, பஞ்சு ஏத்தினியா?" என்று ரீஸ்டார்ட் அண்ணன் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டார்.

வாலுவுக்கு இந்த முறை நடுக்கமில்லை, சிரிப்புதான் வந்தது. கேபிளில் வரும் எண் சில நேரம் இரண்டு துண்டாக வரும். இருபத்து நாலு முன்னாலும் முந்நூற்று அறுபது பின்னாலுமாக. துண்டைப் பார்த்து முழுசு என்று நம்பியது அவள் தப்பு. வரி முடிகிற குறி வரும்வரை துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள், அதன் பிறகு ஜன்னலுக்கு அனுப்பு என்று அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த லாரிக்கு எடை அச்சுப் பிசகாமல் வந்தது.

சீசன் முதல் நாள் காலை. சொன்னபடியே லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. வாலு ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ரீஸ்டார்ட் அண்ணன் வாசலில் தயாராக, வேட்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். மேலாளரோடு கம்பெனிக்காரர் வந்தார். டை கட்டியிருந்தார், கையில் வழவழப்பான காகிதங்கள்.

முதல் லாரி. எண் விழுந்தது, சீட்டு வந்தது, கம்பம் தூக்கியது. இரண்டாவது லாரி. மூன்றாவது லாரி ஏறி நின்ற பிறகு அண்ணி வேண்டுமென்றே தாமதித்தாள், தண்ணீர் குடித்தாள், ஓட்டுநரிடம் சௌக்கியமா என்று கேட்டாள், அதற்குப் பிறகுதான் அழுத்தினாள். எண் அடுத்த நொடியே விழுந்தது. மேலாளரின் புருவம் உயர்ந்தது.

கம்பெனிக்காரர் லேசாகச் சிரித்தார். "எல்லாம் சரியா இருக்கறப்ப எல்லாமே நல்லாத்தான் ஓடும் சார். நாளைக்கே எலி கேபிளைக் கடிச்சா? மழை பெஞ்சு இணைப்பு போச்சுன்னா? இந்த மாதிரி வீட்ல செஞ்ச புரோகிராமெல்லாம் அங்கதான் படுத்துடும். அப்படியே நின்னுடும், பாருங்க."

வாலு வாயைத் திறந்தாள். சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதா, அப்படியெல்லாம் ஆகாது என்று மழுப்புவதா என்று அவளுக்கே தெரியாது. அவள் முடிவெடுப்பதற்குள் அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மேசைக்கு அடியில் குனிந்து, கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஐயோ அண்ணி!" என்றாள் வாலு.

அண்ணி பிடுங்கிய முனையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "கடிச்சிடுச்சு சார், எலி" என்றாள். "இப்பப் பாருங்க."

மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. போன லாரியின் சீட்டை மறுபடி அச்சடித்தாள். அச்சு இயந்திரம் கடகடவென்று துப்பியது. கம்பத்தைத் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். அது சொன்னபடி கேட்டது. எடை காட்டிய பெரிய எண் மெல்லச் சாம்பல் நிறமாகி, அதன் கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது: "மேடையிலிருந்து பதில் இல்லை. கேபிளைப் பாருங்கள்."

வாலுவால் நம்பமுடியவில்லை. அவள் எழுதியதுதான், ஆனாலும் யாரோ எழுதிய அற்புதம்போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா?" என்றார் மேலாளர்.

"வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறதுக்கு என் வீட்டுக்காரரைப் போட்டிருக்கு சார்" என்றாள் அண்ணி. "தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன? உள்ள என் வேலை நிக்காது."

மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திரை ஓடிக்கொண்டிருப்பது விளங்கியது.

இதற்குள் வெளியே நாலாவது லாரி மேடையேறி நின்றிருந்தது. கம்பம் காரணமில்லாமல் ஏறி இறங்குவதையும் கண்ணாடிக்குள் எல்லோரும் கூடி நிற்பதையும் பார்த்த ரீஸ்டார்ட் அண்ணனுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு வருடத்துப் பழக்கம். நாத்தனார் தூங்கிவிட்டாள், அதுவும் எல்லார் முன்னாலும்! மனிதர் உயிரைக் கொடுத்து ஓடிவந்தார். மேடைமேல் ஏறிக் குதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் உயரமாகக் குதித்தார். வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

அண்ணி குனிந்து கேபிளைச் செருகினாள்.

இப்போதுதான் கடைசிச் சோதனை. வாலு மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தாள். சிவப்பு வரி அப்படியே இருந்தது. இன்னும் இருந்தது. கம்பெனிக்காரர் தன் காகிதங்களை மேசைமேல் வைக்கப்போனார். சட்டென்று சிவப்பு மறைந்தது. எண் கறுப்பாகித் துடித்து எழுந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது. லாரியோடு சேர்ந்து ரீஸ்டார்ட் அண்ணனின் ஒவ்வொரு குதியும் திரையில் தெரிந்தது.

அண்ணி மைக்கைப் பிடித்தாள். "அண்ணே, இறங்குங்க! உங்களையும் சேர்த்துக் கோதுமைக் கணக்குல எழுதி அரைச்சுடப் போறாங்க!"

ஆலை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவர் அசடு வழிய இறங்கினார். அவர் கால் மேடையை விட்ட அதே நொடியில் எல்லோர் கண்ணெதிரிலும் எண் மளமளவென்று குறைந்து நின்றது. அண்ணி அழுத்தினாள். சீட்டு வந்தது.

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்காரரின் காகிதங்களை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "உங்க கருவி நல்லதாத்தான் இருக்கும் சார். ஆனா எலி கடிச்சா இப்படிக் கிண்டல் பண்ண அதுக்கு வராது." பிறகு அண்ணியைப் பார்த்து, இந்த முறை முகத்தைப் பார்த்தே சொன்னார்: "நீங்க இங்கயே இருங்கம்மா. கிடங்கு பேச்சை மறந்துடுங்க."

அண்ணி தலையை ஆட்டினாள். இழுப்பறையைத் திறந்து, சீப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். வாலுவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது, துடைத்துக்கொள்ளவில்லை. சந்தோஷத்தை மறைக்கிற வழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

வெளியே வரிசை நகர்ந்தது. அடுத்து மேடையேறிய லாரியை ஓட்டிவந்தவர், அன்றைக்கு வாலுவிடம் பேசிய அதே ஓட்டுநர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "என்னம்மா, நாத்தனார் முழிச்சாச்சா?"

அண்ணி மைக்கில் சொன்னாள், வரிசையின் கடைசி லாரிக்கும் கேட்கும்படி: "என் நாத்தனார் இங்கதான் நிக்கறா. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கறா. வாயை மூடிட்டு வண்டியை எடு!"

ஓட்டுநர் கண்ணாடிக்குள் பார்த்தார். வாலுவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டு, வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் வரை ஒரு லாரிகூடத் தேங்கவில்லை. ரீஸ்டார்ட் அண்ணன் தன் பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகக் கால் நீட்டினார். இருந்தாலும் நடுநடுவே மேடையை ஏக்கமாகப் பார்த்தார். வீடு திரும்ப இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். வாசலில் அண்ணி செருப்பைக் கழற்றக் குனிந்தபோது வாலு கேட்டாள், பழையபடியே.

"எப்படி ஓடுது அண்ணி?"

அண்ணி செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வாலுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராகப் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுடி" என்றாள்.